இதர

மாதவரம் லாரி முனையத்தில்
எங்கள் அலுவலகம் பதினோராம் எண்.
இரவுப் பணிக்கு நானும் ஒரு மேசை விசிறியும்,
எரியும்போதெல்லாம் முனகும் ட்யூப்லைட்டும்.

தாமதப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
பஞ்சர், இன்ஜின், செக்போஸ்ட்,
துறைமுக வரிசை.
ஐந்தாவது, இதர.
முதலாளி செங்கல்வராயன் தன் கையால் போட்ட கோடுகள்.
ஸ்கேல் வழுக்கியதில்
இதர மட்டும் ஒரு விரல் அகலம் கூடுதல்.

அன்றிரவு ஒன்றே முக்காலுக்குப்
பிச்சாண்டி கூப்பிட்டான்.
பெட்டி ஏத்தியாச்சு, காசிமேட்டு எடைமேடையில நிக்கறேன்,
கிளம்பவா மேட

எக்ஸ்பிரஸ் சாலை வரிசையில்
முப்பத்தோரு மணி நேரம் நின்றவன்.
வண்டி நீளத்துக்கு வண்டி நீளம் நகரும் வரிசை.
கண் அசந்தால் பின்னால் இருப்பவன் முந்திக்கொள்வான்.
நிற்கிற வண்டி, பிரேக் மேல் கால்.
எங்கள் கணக்கில் அதற்குப் பெயர் ஓய்வு.

ட்விஸ்ட் லாக் நாலும் பார்த்தியா?
பார்த்துட்டேன்.
கையால தொட்டு?

கொஞ்ச நேரம் பதில் இல்லை.
கடலா, யாரோ விட்ட ஏர் பிரேக்கின் மூச்சா,
ஏதோ ஒன்று இரைந்தது.
பிறகு சரளையில் செருப்பு நடக்கும் சத்தம்.
இரும்பு இரும்பைத் தட்டியது
ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவது.
நான்காவதுக்குக் காத்திருந்தேன்.
இது திறந்துல்ல கிடக்கு, என்றான்,
வேறு யாரோ திறந்துவைத்ததுபோல.

ஏழு வருடமாகக் குரல்களோடுதான் எனக்கு வேலை.
குடித்தவன் குரல் ஏறும்.
பொய் சொல்பவன் குரல் வழவழக்கும்.
தூக்கக்காரன் மட்டும்
வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான்.
கிளம்பவா மேட

கிளம்பாதே, என்றேன்.
ஆறு மணிக்குள்ள ஸ்ரீபெரும்புதூர்ல இறக்கணும்.
தெரியும்.
பேட்டால பிடிப்பாங்க.
அதுவும் தெரியும்.
ஒரு டீ அடிச்சா சரியாயிடும்.
டீ கண்ணத் தொறக்கும் பிச்சாண்டி,
உள்ள இருக்கறவன எழுப்பாது.
லாக்கைப் போடு.
வண்டிய ரோட்ட விட்டு முழுசா உள்ள ஏத்து,
சக்கரத்துக்குக் கல்லு வை.
எழுந்ததும் அந்தக் கல்ல எடுத்துட்டுப் போ.
உனக்கப்புறம் அதே வழியில பால்வண்டி வரும்.

ஐந்து மணிக்கு முதலாளி.
வண்டி எங்க?
தூங்குது சார்.
வண்டியா?
ஆமா சார், வண்டிதான்.
அதற்குப் பிறகு அவர் பேசியதை
இங்கே எழுத முடியாது.

பதிவேட்டைப் பிரித்தேன்.
பஞ்சர் இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது.
அகலமான அந்தக் கட்டத்தில் எழுதினேன்:
டிரைவர் தூங்கினார். 4 மணி 10 நிமிடம்.

அன்று என்ன நடந்தது என்று கேட்டால்
ஒன்றும் நடக்கவில்லை.
ஏழரைக்கு வானகரம் சிக்னலில்
சைக்கிளில் பூக்கூடை கட்டிய ஒருவர்
அவன் வண்டிக்கு இடப்பக்கம்,
கண்ணாடியில் விழாத அந்த இடத்தில்
ஒற்றைக்கால் ஊன்றி நின்றிருக்கலாம்.
அவன் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பியிருக்கலாம்.
பூ விற்றுத் தீர்ந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.
நடக்காததை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

பேட்டாவில் முந்நூறு பிடித்தார்கள்.
சண்டை போட்டு நூற்றைம்பது திரும்ப வாங்கினேன்.
மீதிக்குச் சண்டை நடக்கிறது.
பிச்சாண்டி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
எட்டாம் நாள் பேசினான்,
லாக் நாலும் தொட்டாச்சு என்று மட்டும்.

நேற்று மூன்று மணிக்கு அன்வர் பாஷா.
இருபத்திரண்டு வருட சர்வீஸ்,
தனக்குத் தூக்கமே வராது என்று
டீக்கடை முழுக்கச் சொல்லித் திரிகிற ஆள்.
காரனோடை தாண்டி ஓரங்கட்டியிருக்கிறாராம்.
ஏன் பாய், வண்டிக்கு என்ன?
தொண்டையைக் கனைத்தார்.
வண்டிக்கு ஒண்ணுமில்ல மேடம்.
எனக்குத்தான், என்றார்.
எனக்குத்தான் இத

பேனா மூடியைத் திறந்தேன்.